காற்றுப்பை அகற்றப்பட்ட மோட்டார் கார்: சட்டமும் காப்பீடும்

சாலைப் போக்குவரத்தின் வளர்ச்சி நாட்டின் பொருளாதார வளர்ச்சியோடு பின்னிப் பிணைந்ததாகும். விளைபொருள் சந்தையை அடைவதற்கும், தொழிலாளர் ஆலையை அடைவதற்கும், நோயாளி மருத்துவமனையை அடைவதற்கும் சாலையே துணை. ஆயினும், இவ்வளர்ச்சிக்காக நாம் ஆண்டுதோறும் செலுத்தும் விலை மிகப் பெரிது. மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். இறந்தோருள் 16,715 பேர் இருக்கைப் பட்டை அணியாமல் பயணம் செய்தவர்கள்.

இவ்விழப்பைக் குறைக்கும் பொருட்டே வாகனங்களில் பாதுகாப்புச் சாதனங்களை அரசு படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது. அவற்றுள் ஒன்று ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை. ஆனால், தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட இச்சாதனம் பின்னர் பட்டறையில் அகற்றப்படுவதும், ஒரு விபத்தில் விரிந்த பின் மீண்டும் பொருத்தப்படாமலே விடப்படுவதும் உண்டு. "வாகனம் என்னுடையது, அதிலுள்ள ஒரு பாகத்தைக் கழற்றினால் பிறருக்கு என்ன?" என்பது உரிமையாளரின் வாதம். இவ்வாதம் சட்டத்தின் முன் நிற்குமா? காப்பீட்டு நிறுவனம் இதனை எவ்வாறு நோக்கும்? நட்டத்தை முடிவில் சுமப்பவர் யார்? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

காற்றுப்பை இயங்கும் விதம்

வாகனம் முன்புறமாகக் கடுமையாக மோதும்போது, அதன் வேகம் திடீரெனக் குறைவதை உணர்கருவிகள் கண்டறிந்து ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கின்றன. மோதல் வரம்பைக் கடந்ததென அப்பெட்டி முடிவு செய்தால், ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலும் முன்பலகையிலும் மடித்து வைக்கப்பட்டுள்ள பைகளுக்கு மின்துடிப்பு அனுப்பப்படுகிறது. அங்குள்ள வேதிப்பொருள் எரிந்து வாயுவை உண்டாக்கப் பை விரிகிறது. இவையனைத்தும் ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் நிகழ்ந்து விடுகின்றன.

இங்கு இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, காற்றுப்பை இருக்கைப் பட்டைக்குத் துணையே அன்றி மாற்று அன்று. பட்டை உடலைப் பிடித்து நிறுத்துகிறது. பை தலையையும் மார்பையும் தாங்குகிறது. பல கார்களில் பட்டையை இறுக்கும் கருவியும் பையை விரிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒரே அமைப்பைச் சார்ந்தவை. எனவே, ஒன்றைக் கழற்றுவது மற்றொன்றின் இயக்கத்தையும் பாதிக்கக்கூடும். இரண்டாவது, ஒருமுறை விரிந்த பையை மடித்து மீண்டும் பயன்படுத்த இயலாது. புதியதையே பொருத்த வேண்டும். அதற்கான செலவே, பின்னர் நாம் காணவிருக்கும் சிக்கல்கள் பலவற்றிற்கு ஊற்றுக்கண்.

கட்டாயமான வரலாறு

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் உற்பத்தியாகும் பயணிகள் கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டது. இருக்கைப் பட்டை நினைவூட்டி, வேக எச்சரிக்கை, பின்புற உணர்கருவி ஆகியவையும் அப்போதே கட்டாயமாயின. அடுத்து, 2021 மார்ச் மாத அறிவிக்கையின் வாயிலாக, ஓட்டுநருக்கு அருகில் அமர்பவருக்கான காற்றுப்பையும் புதிய மாதிரிகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாயிற்று. ஏற்கெனவே விற்பனையிலிருந்த மாதிரிகளுக்கு முதலில் 2021 ஆகஸ்டு 31 வரையும், பின்னர் அவ்வாண்டு டிசம்பர் 31 வரையும் கால அவகாசம் தரப்பட்டது. ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் வரைவு 2022 ஜனவரியில் வெளியாயினும், அது இறுதியில் கட்டாய விதியாகவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மதிப்பீட்டுத் திட்டம், வாகனங்களை மோதவைத்துச் சோதித்து நட்சத்திரக் குறி வழங்கும் விருப்பமுறைத் திட்டமாகும்.

இத்தேதிகள் வெறும் வரலாறு அல்ல. ஒரு வாகனத்தில் காற்றுப்பை இருந்தே தீர வேண்டுமா என்பதை அவ்வாகனம் உற்பத்தியான நாளே முடிவு செய்கிறது. சட்ட விளைவுகளும் அதற்கேற்ப மாறுபடும்.

அகற்றப்படுவதற்கான காரணங்கள்

காற்றுப்பை இல்லாமற்போவதற்கான காரணங்களை நான்காக வகுக்கலாம்.

1. விபத்தில் விரிந்த பையை மாற்றுவதற்கான செலவைத் தவிர்த்தல். இதில் வேண்டுமென்றே கழற்றுதல் இல்லை. ஆனால், மீண்டும் பொருத்தாமை உண்டு.

2. ஸ்டியரிங் சக்கரம், முன்பலகை, இருக்கை ஆகியவற்றை அலங்காரத்திற்காக மாற்றுதல். பக்கவாட்டுப் பை உள்ள இருக்கைக்குப் பொருந்தாத உறையை இறுக்கித் தைத்தாலும், பை விரியும் வழி அடைபடுவதால் பயன் ஏறக்குறைய ஒன்றே.

3. அச்சம். கைக்குழந்தையை முன்னிருக்கையில் அமர்த்த விரும்புவோரும், குள்ளமான ஓட்டுநரும், பை விரியும் விசையால் காயம் நேருமென அஞ்சுவோரும் உண்டு. ஜப்பானிய நிறுவனமான டகாட்டாவின் வாயு உண்டாக்கிகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் காலப்போக்கில் சிதைந்து, உலோகக் கூட்டை வெடித்துச் சிதறச் செய்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான வாகனங்கள் திரும்பப் பெறப்பட்டன. நம் நாட்டிலும் அவ்வாறு நடந்தது. இந்நிகழ்ச்சி அவ்வச்சத்தை வளர்த்தது.

4. திருட்டும் மோசடியும். நல்ல பையைக் கழற்றி விற்றுவிட்டு வெற்று மூடியைப் பொருத்துவது இவ்வகை.

காரணம் எதுவாயினும், வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு வேறுபாடு புலப்படுவதில்லை. பை இல்லாததைத் தெரிவிக்கும் எச்சரிக்கை விளக்கையும் அணைத்துவிட்டால், வாகனத்தில் அமர்பவர் இல்லாத பாதுகாப்பை இருப்பதாக நம்பியே பயணம் செய்கிறார். சிக்கலின் மையம் இதுவே.

மோட்டார் வாகனச் சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என விதிக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, சட்டம் அனுமதிக்காத முறையில் வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வழி செய்கிறது. உற்பத்தியாளரோ வாகன வணிகரோ விதிகளை மீறி வாகனத்தை மாற்றியமைத்தாலும் விற்றாலும், ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு வாகனத்திற்கு ரூ.1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் காற்றுப்பை பற்றிய குறிப்பு ஏதும் இடம்பெறுவதில்லை. மேலும், 52-ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பு, "மாற்றம்" என்பதை வாகனத்தின் அடிப்படை இயல்பை மாற்றக்கூடிய கட்டமைப்பு மாற்றம் எனப் பொருள்படுத்துகிறது. ஒரு பையைக் கழற்றுவது அத்தகைய மாற்றம் ஆகுமா என்று உரிமையாளரின் வழக்கறிஞர் வாதிட இடமுண்டு. எதிர்த்தரப்பு, 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சுட்டும். உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க இயலாது என்றும், மாதிரி வாகனம் சோதனைக்கு உட்பட்டு ஒப்புதல் பெறுவதன் நோக்கமே பாதுகாப்புதான் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. ஆயினும், 52-ஆம் பிரிவை மட்டும் நம்பி வழக்குத் தொடுக்கும் அதிகாரி இவ்விவாதத்தை எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இதனினும் உறுதியான பிடிமானம் 190-ஆம் பிரிவில் உள்ளது. சாலைப் பாதுகாப்புக்கென வகுக்கப்பட்ட தரங்களை மீறிய வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுபவரும், ஓட்ட அனுமதிப்பவரும் முதன்முறைக் குற்றத்திற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டிற்கும் உள்ளாவர். ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் வைத்திருக்கும் தகுதியையும் இழப்பர். 2019 ஜூலைக்குப் பின் உற்பத்தியான வாகனத்தில் ஓட்டுநருக்கான பை இல்லையெனில், அது வகுக்கப்பட்ட தரத்தினின்று விலகியதே. 2015-இல் உற்பத்தியாகி, விருப்பத்தின்பேரில் பை பொருத்தப்பட்ட வாகனத்திற்கு இவ்வாதம் அத்துணை வலுவுடன் பொருந்தாது.

இவையன்றி, பொது இடத்தில் ஆபத்து விளைவிக்கும் நிலையிலுள்ள வாகனத்தின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை 53-ஆம் பிரிவு பதிவு அதிகாரிக்கு அளிக்கிறது. அபராதத்தைக் காட்டிலும் உரிமையாளர் இதனையே அஞ்ச வேண்டும்.

உண்மையான தேவை உடையோருக்குச் சட்டம் வழியை அடைத்துவிடவில்லை. மாற்றுத்திறனாளிக்கு ஏற்ப வாகனத்தைத் தகவமைக்க நேரின், பதிவு அதிகாரியின் ஒப்புதலுடன் விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவ்வாறு செய்ய 52-ஆம் பிரிவே இடமளிக்கிறது. சில கார்களில் முன்னிருக்கைப் பையை நிறுத்திவைக்கும் சாவித்துளையை உற்பத்தியாளரே அமைத்திருப்பார். அதனைப் பயன்படுத்துவது மாற்றியமைத்தல் ஆகாது. குழந்தையைப் பின்னிருக்கையில் உரிய குழந்தை இருக்கையில் அமர்த்துவதே இவையனைத்தினும் எளிய, சிறந்த வழி.

அமெரிக்க நாட்டின் அனுபவம்

இதே சிக்கலை முன்னரே எதிர்கொண்ட அமெரிக்க ஐக்கிய நாடு வேறொரு வழியைப் பின்பற்றியது. வாகனத்தின் பாதுகாப்புச் சாதனத்தைச் செயலிழக்கச் செய்வதை அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் உற்பத்தியாளர், விற்பனையாளர், பழுதுபார்க்கும் தொழில் நடத்துவோர் ஆகியோருக்குத் தடை செய்கிறது. உரிமையாளர் தம் கையாலேயே செய்வதை அத்தடை நேரடியாகத் தொடுவதில்லை. 1990-களில், குறைந்த வேக மோதல்களில் விரிந்த பைகளால் குழந்தைகள் உயிரிழந்தபோது, பையை அகற்றும் உரிமை கோரிப் பலர் குரல் எழுப்பினர். 1998 ஜனவரி முதல், அரசின் அனுமதியோடு பையை நிறுத்திவைக்கும் பொத்தானைப் பொருத்திக்கொள்ள வழி செய்யப்பட்டது. கைக்குழந்தையை முன்னிருக்கையில் ஏற்றியே ஆக வேண்டியவர், சில மருத்துவக் காரணங்கள் உடையவர், ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தள்ளி அமர இயலாத ஓட்டுநர் போன்றோர்க்கே அவ்வனுமதி கிட்டியது. பைகளும் மென்மையாக விரியும்படி திருத்தி வடிவமைக்கப்பட்டன. 2017 வரை முன்புறக் காற்றுப்பைகள் 50,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்ததாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டுள்ளது.

சாதனத்தில் குறை இருப்பின் சாதனத்தைத் திருத்த வேண்டும். தனிமனிதர் அதனைப் பிடுங்கி எறிதல் தீர்வாகாது என்பதே இவ்வனுபவம் உணர்த்தும் பாடம். நம் சட்டமும் இதனை ஏற்றுள்ளது. குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை, 2019 திருத்தத்தின் 110-ஏ பிரிவு மத்திய அரசுக்கு வழங்குகிறது.

காப்பீட்டின் நிலை

காற்றுப்பை இல்லையெனில் காப்பீடே இல்லை என்ற கருத்து மக்களிடையே பரவலாக உள்ளது. இது முழு உண்மை அன்று. காப்பீட்டுப் பத்திரம் ஒன்றாகத் தோன்றினும், அதனுள் வெவ்வேறு பொறுப்புகள் அடங்கியுள்ளன. அவற்றைத் தனித்தனியே நோக்க வேண்டும்.

முதலாவது, மூன்றாம் நபர் காப்பீடு. 146-ஆம் பிரிவின்படி கட்டாயமான இக்காப்பீட்டில், நிறுவனம் எந்தெந்தக் காரணங்களால் பொறுப்பை மறுக்கலாம் என்பதை 150-ஆம் பிரிவு வரையறுத்துப் பட்டியலிடுகிறது. அனுமதிக்குப் புறம்பான பயன்பாடு, உரிமமின்மை, மது அல்லது போதைப்பொருளின் மயக்கத்தில் ஓட்டுதல், முக்கிய உண்மையை மறைத்துப் பத்திரம் பெறுதல், பிரீமியம் செலுத்தாமை போன்றவை அதில் உள்ளன. காற்றுப்பை அகற்றம் அப்பட்டியலில் இல்லை. எனவே, சாலையில் நடந்து சென்றவர் காயமுற்றால் அவருக்குரிய இழப்பீடு இக்காரணத்தால் தடைபடாது. மரணத்திற்கு ரூ.5 லட்சமும், கொடுங்காயத்திற்கு ரூ.2.5 லட்சமும் குற்றம் நிறுவாமலே வழங்க வகை செய்யும் 164-ஆம் பிரிவின் பயனும் அவ்வாறே.

இரண்டாவது, வாகனத்திற்கு நேரும் சேதம். தனியார் கார்களுக்கான பத்திரத்தின் நிபந்தனைகளுள் ஒன்று, வாகனத்தைச் சேதத்தினின்று காக்கவும் திறம்பட இயங்கும் நிலையில் பேணவும் உரிமையாளர் நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்க வேண்டும் என்கிறது. விபத்திற்குப் பின் தேவையான பழுதுகளைச் சரிசெய்யாமல் ஓட்டினால், அதனால் நேரும் கூடுதல் சேதம் உரிமையாளரின் பொறுப்பே என்றும் அது கூறுகிறது. நிறுவனம் இந்நிபந்தனையையே பற்றிக்கொள்ளும். உரிமையாளரோ, பை இல்லாததால் கதவோ எஞ்சினோ நொறுங்கவில்லையே என வாதிடலாம். அவ்வாதத்தில் பொருள் உண்டு. பத்திர நிபந்தனை மீறப்பட்ட வழக்கில், கோரிக்கையை முற்றிலும் நிராகரிக்காமல், ஏற்கத்தக்க தொகையில் 75 விழுக்காடு வரை வழங்கும் முறையை உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் ஏற்றுள்ளது. ஆயினும், எஞ்சிய 25 விழுக்காடும் வழக்காடும் காலமும் உரிமையாளரின் நட்டமே. வாகனத்தில் இல்லாத பை விபத்தில் சேதமுற்றதாகக் கணக்குக் காட்டினால் நிலைமை வேறு. அது மோசடி, அதனால் கோரிக்கை முழுவதுமே கைநழுவும்.

மூன்றாவது, வாகனத்தினுள் பயணம் செய்வோர். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள தனியார் காரில் இலவசமாகப் பயணம் செய்பவரின் பாதுகாப்பு பெரிதும் விவாதத்திற்கு உரியது. முழுமைக் காப்பீட்டுப் பத்திரம் அவர்களையும் உள்ளடக்கும் என 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உறவினரோ நண்பரோ இழப்பீடு கோரும் வழக்கில், பை அகற்றப்பட்டதை அறிந்தே அவரை ஏற்றிச் சென்றமை உரிமையாளரின் கவனக்குறைவுக்குச் சான்றாக எதிரில் வந்து நிற்கும்.

நான்காவது, உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போது கிடைக்கும் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு. தற்கொலை, வேண்டுமென்றே விளைவித்துக்கொண்ட காயம், மதுமயக்கம் ஆகியவை இதன் விலக்குகளில் அடங்கும். காற்றுப்பையின்மை தனி விலக்காக அதில் குறிக்கப்படவில்லை. எனினும், வாகனத்தைப் பேணும் நிபந்தனையைக் காட்டி நிறுவனம் தாமதிக்கவோ மறுக்கவோ முற்பட்டால், வழக்காட வேண்டியவர் இறந்தவரின் மனைவியும் மக்களுமே.

இந்நான்கையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். காற்றுப்பை அகற்றத்தால், முன்பின் அறியாத வழிப்போக்கரின் காப்புரிமை குறைவதில்லை. குறைவதும் ஐயத்துக்கு உள்ளாவதும் உரிமையாளரின் உரிமையும் அவருடன் பயணம் செய்யும் குடும்பத்தாரின் உரிமையுமே.

தேய்மானக் கணக்கு

விரிந்த பையை மாற்றாமல் விடுவதற்குக் காப்பீட்டு விதியொன்றும் மறைமுகக் காரணமாகிறது. பகுதிச் சேதத்திற்கான கோரிக்கையில், ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பாட்டரி ஆகியவற்றோடு காற்றுப்பைக்கும் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படுகிறது. வாகனம் புதியதாயினும் இதுவே விதி.

ஓர் எடுத்துக்காட்டு: இரண்டு பைகளின் விலை ரூ.60,000 எனக் கொள்வோம். தேய்மானம் போக நிறுவனம் ஏற்பது ரூ.30,000. மீதி ரூ.30,000-ஐயும், 1,500 சி.சி.-க்கு மேற்படாத காருக்குரிய கட்டாயக் கழிவான ரூ.1,000-ஐயும் உரிமையாளரே செலுத்த வேண்டும். கோரிக்கை எழுப்பியதால், மறு ஆண்டில் பிரீமியத்தில் கிடைக்கக்கூடிய கோரிக்கையின்மைச் சலுகையும் போய்விடும். இந்நிலையில், "வண்டி ஓடுகிறது, பை பிறகு ஆகட்டும்" எனப் பட்டறைக்காரர் கூறும் யோசனை இனிக்கவே செய்யும்.

தேய்மானம் கழிக்காமல் முழுத்தொகை வழங்கும் கூடுதல் காப்பைச் சிறிது அதிகப் பிரீமியம் செலுத்திப் பெறலாம். காற்றுப்பை உள்ள காரின் உரிமையாளர் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது இதனைக் கேட்டறிதல் நன்று.

உற்பத்தியாளரின் பொறுப்பு

2022 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்த வழக்கு ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. 2015-இல் வாங்கப்பட்ட கார் ஒன்று 2017 நவம்பரில் விபத்துக்குள்ளாயிற்று; காற்றுப்பைகள் விரியவில்லை; உரிமையாளர் காயமுற்றார். டில்லி மாநில நுகர்வோர் ஆணையம் அவருக்கு ரூ.3 லட்சம் இழப்பீட்டுடன் மாற்று வாகனமும் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்றும் அது சுட்டிக்காட்டியது.

இத்தகைய தீர்வைப் பெற, பை வாகனத்தில் உற்பத்தியாளர் பொருத்தியவாறே இருந்திருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, தீங்கு நேர்ந்த வேளையில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்பனையாளர்மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடர இயலாது என்கிறது. உற்பத்தியாளரும் அதே மாற்றத்தைத் தம் தரப்பு வாதமாக முன்வைப்பார்.

மறுபுறம், அச்சட்டத்தின் 86-ஆம் பிரிவு, பொருளை மாற்றியமைத்து, அம்மாற்றமே தீங்கிற்கு முக்கியக் காரணமாயிருப்பின் விற்பனையாளரைப் பொறுப்பாளியாக்குகிறது. "விற்பனையாளர்" என்பதன் வரையறையில், வணிக நோக்கில் பொருளைப் பழுதுபார்ப்பவரும் பராமரிப்பவரும் அடங்குவர். ஆகவே, வாடிக்கையாளர் கேட்டதால் செய்தேன் எனப் பட்டறை உரிமையாளர் எளிதில் கைகழுவிவிட இயலாது.

பழைய வாகனச் சந்தை

இவை அனைத்திலும் மிகவும் ஏமாற்றப்படுபவர், அகற்றத்தைப் பற்றி ஏதும் அறியாமல் பழைய காரை வாங்குபவரே. பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டில் அறிவிக்கப்பட்ட மதிப்பின் 75 விழுக்காட்டைக் கடந்தால் வாகனம் முழுநட்டமாகக் கருதப்படும். அவ்வாகனத்தின் எச்சத்தை வாங்குவோர் சிலர், அதனைத் தட்டிச் சீர்செய்து, பைகளின்றியே மீண்டும் சந்தைக்குக் கொண்டு வருகின்றனர். நிலையாகப் பயனற்றுப்போன வாகனத்தைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென 55-ஆம் பிரிவு கூறுவதன் பயன் இங்கே விளங்கும்.

2023 ஏப்ரல் 1 முதல், பதிவு செய்யப்பட்ட வாகனங்களை வாங்கி விற்கும் வணிகர், பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெறவேண்டும். வாகனம் அவர் வசம் இருக்கும் காலத்தில் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். பையில்லா வாகனத்தை உள்ளதுபோல் காட்டி விற்பது நுகர்வோர் சட்டத்தின்கீழ்க் குறைபாடாவதோடு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்கீழ் ஏமாற்றுதல் குற்றமாகவும் அமையலாம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கும் அச்சட்டத்தின் 106-ஆம் பிரிவும், அகற்றத்திற்கும் மரணத்திற்கும் உள்ள தொடர்பு மருத்துவ, தொழில்நுட்பச் சான்றுகளால் நிறுவப்பட்டால் கருதத்தக்கதே.

பாதுகாப்புச் சாதனத்தை ஏய்க்கும் பொருள்களின் விற்பனையை அரசு பொறுத்துக்கொள்ளாது என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. இருக்கைப் பட்டையின் எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கொக்கிகளை இணையத்தில் விற்ற ஐந்து நிறுவனங்களுக்கு எதிராக, 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆணை பிறப்பித்தது. 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. இக்கொக்கிகள் காப்பீட்டுக் கோரிக்கைக்கும் இடையூறாகலாம் என அப்போது எச்சரிக்கப்பட்டது.

செய்ய வேண்டுவன

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகளுக்கு வரலாம்.

1. காற்றுப்பை குறைபாடுடையதென ஐயம் எழுந்தால், உரிமையாளர் உற்பத்தியாளரின் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையை நாடி, தம் வாகனம் திரும்பப்பெறும் அறிவிப்பில் அடங்கியதா எனச் சரிபார்க்க வேண்டும். வேதிப்பொருள் அடங்கிய பையைத் தாமே கழற்றுவது உயிருக்கும் ஆபத்தானது.

2. விபத்திற்குப் பின் பை, கட்டுப்பாட்டுப் பெட்டி, பட்டை இறுக்கி ஆகியவை மாற்றப்பட்டதற்கான ரசீதைப் பெற்று, வாகன ஆவணங்களோடு பாதுகாக்க வேண்டும். பின்னாளில் அதுவே சான்று.

3. பழைய காரை வாங்குபவர், சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு ஒளிர்ந்து சில வினாடிகளில் அணைகிறதா எனப் பார்க்க வேண்டும். ஒளிராமலே இருப்பதும் அணையாமல் இருப்பதும் ஐயத்திற்கு உரியவை. விளக்கை மட்டும் நம்பாமல் பணிமனையில் கணினிச் சோதனையும் செய்வித்தல் நன்று. காப்பீட்டுக் கோரிக்கைகளின் முந்தைய விவரத்தையும் கேட்டறிய வேண்டும்.

4. சேத மதிப்பீட்டாளர், பைகளுக்குரிய தொகையைப் பரிந்துரைத்ததோடு நில்லாமல், பழுதுபார்த்த பின் நடத்தும் மறு ஆய்வில் அவை பொருத்தப்பட்டனவா என உறுதி செய்ய வேண்டும்.

5. விபத்து வாகனத்தை ஆய்வு செய்யும் மோட்டார் வாகன ஆய்வாளர், பைகள் இருந்தனவா, விரிந்தனவா, அகற்றப்பட்டிருந்தனவா என்பதைத் தம் அறிக்கையில் தனியே குறித்தால், தீர்ப்பாயத்தின் பணி எளிதாகும்.

6. கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டதாகக் கருதும் பாலிசிதாரர், மறுப்பு வந்த ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ரூ.50 லட்சம் வரையிலான இழப்பீட்டைக் கட்டணமின்றி அங்கே கோரலாம். நுகர்வோர் ஆணையத்தை அணுக இரண்டாண்டு கால வரம்பு உண்டு.

பதிவுச் சான்றிதழில் காற்றுப்பைகளின் எண்ணிக்கையையும் குறிப்பது, 52-ஆம் பிரிவு பற்றி மேலே கண்ட விவாதத்திற்கு முற்றுப்புள்ளி வைக்கும். காற்றுப்பைக்கான 50 விழுக்காடு தேய்மானத்தை நீக்குவது, விரிந்த பையை மாற்றத் தயங்கும் மனப்போக்கைப் போக்கும். முன்னது நிர்வாகத்தின் பணி. பின்னது காப்பீட்டுத் துறையின் பணி. இரண்டும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

சாலையில் நேரும் மோதலை எப்போதும் தடுத்துவிட இயலாது. அம்மோதலுக்கும் மரணத்திற்கும் இடையே நிற்கும் சாதனங்களைப் பேணுவது நம் கையில் உள்ளது. பையைக் கழற்றும் உரிமையாளர் சில ஆயிரம் ரூபாய் மீதமாயிற்று என எண்ணுகிறார். காப்பீட்டு நிறுவனம், உற்பத்தியாளர், விற்பனையாளர் எனப் பலரும் பகிர்ந்து சுமக்க வேண்டிய பொறுப்பை அவர் தம் தோளிலும் தம் குடும்பத்தின் தோளிலும் ஏற்றிக்கொண்டார் என்பதே சட்டத்தின் கணக்கு. இக்கணக்கை மக்களுக்கு எடுத்துரைப்பது போக்குவரத்துத் துறையினருக்கும், காப்பீட்டு ஊழியர்களுக்கும், சட்டம் பயிலும் மாணவர்களுக்கும் உரிய கடமையாகும்.